முன்வரிசை மூளை

இப்போதெல்லாம் மனிதர்கள் தக்காளி வாங்கும்போது மட்டும்தான் யோசிக்கிறார்கள். அழுத்திப் பார்ப்பார்கள், முகர்ந்து பார்ப்பார்கள், நேற்று வாங்கியது அழுகல் என்று சண்டை பிடிப்பார்கள். அதே ஆள், பிள்ளைக்கு மூளை விற்கிறேன் என்று எவனாவது கடை போட்டால் வாயைப் பொத்திக்கொண்டு வரிசையில் நிற்பான்.

அப்படி ஒரு வரிசை சினிமாக் கொட்டகை வாசலிலிருந்து தெருமுனை வரை வளைந்து நின்றது. படம் பார்க்க அல்ல. படத்துக்கு அவ்வளவு கூட்டம் வந்தால் முதலாளி ஏன் காலை நேரத்தை வாடகைக்கு விடுகிறார்? நின்றவர்கள் கர்ப்பிணிகள். பின்னால் தலையணையும் தண்ணீர் பாட்டிலுமாகக் கணவன்மார்கள். வரவழைத்தவர் அலை ஐயா.

கொட்டகையின் டார்ச்காரர் இதையெல்லாம் முறைத்துக்கொண்டு நின்றார். இருட்டில் ஆட்களை உட்காரவைத்தே தலை நரைத்தவர். கையெழுத்துக்கு மேல் எழுதத் தெரியாது. யாரையும் நம்பவும் தெரியாது. டிக்கெட்டை நீட்டினால் இரண்டு பக்கமும் டார்ச் அடித்துப் பார்ப்பார்.

அலை ஐயாவின் சரக்கு மேடையில் இருந்த ஒரு நீல விளக்கு. கருவில் உயிரணுக்கள் சேதி கேட்டுத்தான் மூளையாகவும் நரம்பாகவும் ஆகின்றன என்றார் ஐயா. கிட்டே இருந்தால் சேதி அடர்த்தி, தள்ளிப்போனால் நீர்த்துவிடும். அந்தச் சேதியைத் தம் விளக்கு அலையாக அனுப்புகிறது. எனவே முன்வரிசைப் பிள்ளை விஞ்ஞானி, நடுவரிசை அதிகாரி. கடைசி வரிசைக்குப் பெருமூச்சு மட்டும் விட்டார். டார்ச்காரருக்கு அங்கேயே இடித்தது. அவர் அறிந்த உலகத்தில் திரைக்குக் கிட்டே இருப்பதுதான் மலிவு டிக்கெட்.

முன்வரிசைக்குக் கூடுதல் கட்டணம் போதாது. டாக்டர் கொடுக்கும் மாத்திரைகள் அலையை மறிக்குமாம். வாசலில் இருந்த அண்டாவில் அவற்றைப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அண்டா பாதி நிறைந்திருந்தது. ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி பக்கத்தில் நின்று, போடாதீர்கள், போடாதீர்கள் என்று தொண்டை கட்டும்வரை சொன்னாள். ஆஸ்பத்திரி வியாபாரம் படுத்துவிடும் என்று பயப்படுகிறாள் என்றார்கள் ஜனங்கள்.

வரிசையில் டார்ச்காரரின் மருமகளும் இருந்தாள். போன பிள்ளை முதுகுத்தண்டு மூடாமல் பிறந்து தங்காமல் போனது. இந்த முறை நாள் தள்ளிச் சில நாள்தான் ஆகிறது. முன்கூட்டியே சாப்பிடச் சொல்லி டாக்டர் கொடுத்த மாத்திரை அட்டை கைப்பையில் இருந்தது. முன்வரிசையைப் பிடி என்று சொல்லிவிட்டு மகன் வேலைக்குப் போய்விட்டான். அவளுக்கோ அட்டையை விட மனம் வரவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

சேதி எட்டினால் ஒளிரும் என்று சொல்லி ஒவ்வொருத்திக்கும் ஒரு கண்ணாடி உருண்டை கொடுத்தார்கள். விளக்குகள் அணைந்தன. மேடையில் நீலம் எரிந்தது. முன்வரிசை உருண்டைகள் ஜொலித்தன. நடுவில் மங்கல். கடைசியில் மின்மினி. கொட்டகையே கன்னத்தில் போட்டுக்கொண்டது.

மருமகள் எழுந்து டார்ச்காரரிடம் வந்தாள். கண் நிறைந்திருந்தது. கையில் மாத்திரை அட்டை.

"பாத்தீங்களா மாமா, என் பிள்ளைக்கு எட்டவே இல்ல. நான் அண்டால போட்டுர்றேன்."

டார்ச்காரர் மாத்திரையையும் நம்பியவர் அல்ல. ஆனால் ஒன்றை எறியச் சொல்லிவிட்டு இன்னொன்றை விற்கிறவனை அதைவிடக் குறைவாகத்தான் நம்பினார்.

"கொஞ்சம் இரும்மா. இந்த உருண்டையோட முன்னாடி போய் உக்காரு."

முன்வரிசையில் ஒரு நிறைமாதக்காரியின் முகத்தில் டார்ச் அடித்தார். "அம்மா, உங்க சீட்டு பின்னாடி. உருண்டைய எடுத்துக்கிட்டு வாங்க." இருட்டில் டார்ச்சை எதிர்த்துப் பேசியவர் அந்தக் கொட்டகையில் கிடையாது. அவளும் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து வந்தாள்.

கடைசி வரிசையில் அவள் உருண்டை அப்படியே ஜொலித்தது. மேடையின் காலடியில் மருமகளின் உருண்டை அப்படியே மினுங்கியது. கூட்டம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

அலை ஐயா அசரவில்லை. அந்தத் தாயின் கரு ஏற்கெனவே அலையைக் குடித்துவிட்டது, எங்கே போனாலும் கூடவே போகும் என்று விளக்கினார். தலைகள் ஆடின. ஆடும் தலைக்கு எந்தக் காற்றும் போதும்.

டார்ச்காரர் நிறைமாதக்காரியிடமிருந்து உருண்டையை வாங்கி, ஆளில்லாத ஒரு நாற்காலியில் வைத்தார். அங்கேயும் ஜொலித்தது.

"சரிங்கய்யா. இந்த நாற்காலிக்கு எத்தனாவது மாசம்?"

முதலில் ஒரு கணவன் சிரித்தான். பிறகு கொட்டகையே சிரித்தது. யாரோ உருண்டையின் அடியைத் திருகினார்கள். முன்வரிசையில் புதுப் பேட்டரி, பின்வரிசையில் தீரப்போகிற பேட்டரி. விளக்கைப் போட்டபோது மேடையில் நீல பல்பு மட்டும் இருந்தது. ஐயாவின் அலை பின்கதவு வழியாகப் பரவிவிட்டிருந்தது.

பெண்கள் அண்டாவைச் சூழ்ந்து தங்கள் அட்டைகளைத் தேடினார்கள். மருமகள் ஒரு மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கினாள். நர்ஸ் டார்ச்காரரிடம், அலை ஐயா பாதி நிஜத்தைத் திருடித்தான் கடை போட்டார் என்றாள். கருவின் முதுகில் ஒரு தகடு சுருண்டு குழாயாகிறது, அதுதான் பிறகு மூளையும் தண்டுவடமும். அடியில் ஒரு தண்டு சேதி அனுப்புகிறது. கிட்டே இருக்கும் அணு கைகாலை அசைக்கும் நரம்பாகும், தள்ளி இருப்பது வேறு நரம்பாகும்.

"அந்தக் குழாய் முதல் மாசத்துலயே மூடிரும் பெரியவரே. இங்க வந்த முக்காவாசிப் பேருக்குக் கதவடைச்சு மாசக்கணக்காச்சு, இவர் இப்பத்தான் சாவி வித்தார். உங்க மருமகளுக்கு இன்னும் மூடல. அதுக்குத்தான் மாத்திரை."

"அணு பேசுறத யாரு காதால கேட்டா?" என்றார் டார்ச்காரர்.

கோழிக் கருவில் அந்தத் தண்டை எடுத்துப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தார்கள், அங்கே இருந்த அணுக்கள் கைகால் நரம்பாக மாறின என்றாள் நர்ஸ்.

"இடம் மாத்திப் பாத்தாங்களா?" என்றார் டார்ச்காரர். அது கொஞ்சம் பிடித்திருந்தது. "இருந்தாலும் நான் பாக்கலையே."

அதற்குள் நிறைமாதக்காரி ஓடிவந்தாள். "அய்யா, உங்க டார்ச்சை என் வயித்துல ஒருதரம் அடிங்க. உங்க கைக்கு ஏதோ இருக்கு." அவள் பின்னால் ஒரு வரிசை உருவாகத் தொடங்கியிருந்தது.

டார்ச்காரர் டார்ச்சை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார்.

"என் டார்ச்சுலயும் பேட்டரிதாம்மா. என்னையும் நம்பாதீங்க. எவன் எங்க உக்காரச் சொன்னாலும், ஒருதரம் எந்திரிச்சு இடம் மாறி உக்காந்து பாருங்க. தக்காளிக்குக் குடுக்கிற மரியாதைய உங்க புத்திக்கும் குடுங்க."

மருமகளை முன்னால் நடக்கவிட்டுத் தெருவில் இறங்கினார். தண்டு சேதி அனுப்புதாம், என்று தனக்குள் முனகிக்கொண்டே போனார். பின்னால் வரிசை இன்னும் கலையவில்லை.