ஹம் இல்லை, நல்லது

என் அக்கா கடைசியாகப் பாடிய மூன்று பாட்டுகளை யாரும் மறுபடி கேட்க முடியாமல் செய்தவன் நான்தான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எண்பதுகளில் பழங்காநத்தத்து வீட்டின் பின்னறையை நான் ‘ஸ்டுடியோ’ என்று அழைத்துவந்தேன். (வீட்டில் மற்றவர்களுக்கு அது குப்பை ரூம்.) ஒரு டேப் டெக், ஒரு மிக்ஸர், ஒரு மைக், சுவர் முழுக்க முட்டை அட்டை. மெர்சி அக்கா பள்ளிக்கூட டீச்சர். சர்ச்சில் அவள் பாடினால் தூங்குகிற பெரியவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். அவள் கழுத்தில் ஒரு கட்டி. ஆபரேஷனுக்குப் பிறகு பழைய குரல் வருமா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். சனிக்கிழமை என் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள்.

“மூணே மூணு பாட்டு தம்பி. பிடிச்சு வச்சிரு.”

ஹெட்போனில் கேட்டால், அவள் குரலுக்கு அடியில் ‘ம்ம்ம்ம்’ என்று விடாத கரண்ட் இரைச்சல். ஹம் என்போம். வேறொருவன் பரவாயில்லை என்று பதிவு செய்திருப்பான். நானோ கலைஞன். (இருபத்து மூன்று வயதில் வருகிற வியாதி.)

சோதனைக்கு அவளை அரை வரி பாடச் சொல்லி, ஒரு பழைய கேசட்டில் பதிவை ஓடவிட்டபடியே வேட்டையைத் தொடங்கினேன். ஃபேன், டியூப்லைட், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் அணைத்தேன். பக்கத்து வீட்டு அண்ணனிடம் ஓடி கிரைண்டரை நிறுத்தச் சொன்னேன். “மாவு பாதில நிக்குது மாப்ள. ஒங்கக்காவுக்காக நிறுத்துறேன், ஒனக்காக இல்ல” என்றார். கோடையில் எர்த் குழி, அதாவது வீட்டுக் கரண்டின் எர்த் வயரைப் புதைத்த குழி, காய்ந்தால் ஹம் வருமென்று யாரோ சொன்னது நினைவுக்கு வர, குளிக்க வைத்திருந்த நாலு குடம் தண்ணீரையும் ஒரு படி கல் உப்பையும் அதில் கொட்டினேன். “ஊறுகாயா போடுற?” என்றாள் அம்மா. ஹம் அசையவில்லை.

“இன்னும் எம்புட்டு நேரம்டா?” என்றாள் அக்கா, வியர்வையைத் துடைத்தபடி.

கடைசியில் எல்லா வயர்களையும் பிடுங்கித் துடைத்து, இருட்டறையில் தடவித் தடவித் திரும்பச் சொருகினேன். ஹம் சுத்தமாக நின்றது! புது கேசட்டைப் போட்டேன். அக்கா பாட வாயெடுத்ததும் ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். அந்தக் குரலை மிஷின் வழியாக எதற்குக் கேட்க வேண்டும்? மூன்று பாட்டையும் அழுதுகொண்டேதான் கேட்டேன்.

“போட்டுப் பாப்பமா?”

“ஆஸ்பத்திரியில போட்டுக் காட்டுறேன்க்கா.”

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் போட்டுக் காட்டினேன். அக்கா பேசக்கூடாது, மடியில் ஒரு சிலேட்டு. கேசட் ஓடியது. எதுவும் கேட்கவில்லை. ‘சத்தம் கூட்டு’ என்று எழுதினாள். கூட்டினேன். திருப்பிப் போட்டேன். அப்போதுதான் புரிந்தது. அன்று மைக்கை வேறு ஓட்டையில் சொருகியிருக்கிறேன். ஹம் வந்ததே மைக் வயரிலிருந்துதான். அது போனதோடு குரலும் போய்விட்டது.

“தப்புப் பண்ணிட்டேன்க்கா” என்றேன்.

அவள் சிலேட்டை அழித்துவிட்டு எழுதினாள்: ‘ஹம் இல்லை. நல்லது.’ தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்தேன். பாதிதான் சிரிப்பு.

பேச்சு திரும்பி வந்தது, கரகரவென்று. பாட்டு வரவில்லை. இன்றும் எங்கள் வீட்டில் குழம்பில் உப்பில்லையென்றால், பரீட்சையில் மார்க் இல்லையென்றால், யாராவது “ஹம் இல்லை, நல்லது” என்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். உள்ளே வலிக்கும்.

மிஞ்சியது அந்தச் சோதனைக் கேசட்தான். ஹம்முக்குள் அரை வரிப் பாட்டு, பிறகு “இன்னும் எம்புட்டு நேரம்டா?” போன கிறிஸ்துமஸுக்கு அக்கா மகன், கம்ப்யூட்டரில் அந்த இரைச்சலை எடுத்துவிடலாம் என்றான்.

“வேணாம்டா” என்றாள் அக்கா. “அதை எடுத்தா நானும் கூடவே போயிருவேன். ஒங்க மாமன் கைராசி அப்படி.”