அத்தானின் கெட்டிமேளமும் ஐந்தாம் இடமும்

ஸ்காபரோ, ரொறன்ரோ
17.02.1997

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய சிவபாதம் அத்தான் அவர்களுக்கு,

தங்கள் மைத்துனன் அருள்நாயகம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அக்காவும் லண்டன் குளிருக்குள் ஒரு குறையுமில்லாமல் இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். இங்கே நான் சுகம், யோகராணி சுகம், பிள்ளை பிரதீபா சுகம் என்று வழக்கம்போல எழுதத்தான் பேனையை எடுத்தேன். ஆனால் பொய் எழுதிப் பழக்கமில்லை. பிரதீபா சனிக்கிழமையிலிருந்து என்னோடு கதைப்பதில்லை. அதற்குக் காரணம் யார் என்று கேட்டால், அத்தான், கோபிக்கக்கூடாது, நீங்கள்தான்.

பிள்ளை ஐஸில் சறுக்கி ஆடுகிற ஸ்கேற்றிங் பழகுவது உங்களுக்குத் தெரியும். “வழுக்கி விழுறதுக்கும் ஒரு வகுப்போ?” என்று நீங்கள் ரெலிபோனில் சிரித்தது எனக்கு மறக்கவில்லை. அந்த ஸ்கேற்றிங்கில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு போட்டி வந்தது. முதல் நாலு பேருக்குள் வந்தால் அடுத்த போட்டிக்கு அனுப்புவார்கள். அவள் விடியப்புறம் எழும்பி, நான் காரில் ஐஸ் சுரண்டி முடிக்குமுன் பையோடு வந்து நிற்பாள். பாடசாலைக்கு எழுப்புவதற்கு இன்றைக்கும் தாய் போர்வையை இழுக்க வேண்டும். அவ்வளவு ஆசை அவளுக்கு.

ஆடுகிறவர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே கொண்டுபோக வேண்டும். வாத்தியம் மட்டும்தான், சொல் வரக்கூடாது என்பது விதி. அவளுடைய கோச் செலீன், கியூபெக் பக்கத்துப் பிள்ளை, நல்ல தங்கமான மனிசி, ஒரு வயலின் பாட்டைத் தந்தா. கேட்டேன். எங்கள் ஊர்ச் செத்தவீட்டில் கூட ஒருவரும் இப்படி அழமாட்டார்கள். போன வருசம் அதே பாட்டுக்கு நாலு பிள்ளைகள் ஒருவருக்குப் பின் ஒருவராக நாலு சிவப்புச் சட்டையோடு வந்து ஆடினவர்கள். நாலாவது பிள்ளை வரும்போது நடுவர்மார் போத்தலைத் திறந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு உங்கள் கசற் ஞாபகம் வந்தது.

ஆவணியில் நடந்த உங்கள் அறுபதாம் கலியாணத்துக்கு எங்களால் வரமுடியவில்லை என்று மேளக்கச்சேரியைப் பதிந்து அனுப்பினீர்களே, அந்தக் கசற். நாதஸ்வரமும் தவிலும். ஒரு சொல் இல்லை. பிரதீபாவுக்குப் போட்டுக் காட்டினேன். காதிலிருந்த வோக்மனைக் கழற்றிவிட்டுக் கேட்டாள். “அப்பா, அந்த ட்ரம் அடிக்கிற ஆள் சூப்பர்!” என்றாள். கனடாவுக்கு வந்த பிறகு நான் தெரிந்தெடுத்த ஒன்றை அவள் சூப்பர் என்று சொன்னது அதுதான் முதல் தரம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, யோகராணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததால் ஒருவரும் கவனிக்கவில்லை.

இரண்டு ரேப் றெக்கோடரை முகம் பார்க்க வைத்து நானே வெட்டி ஒட்டினேன். முடிவு விறுவிறுப்பாக இருக்க வேண்டும் என்று செலீன் சொன்னா. கெட்டிமேளத்தைவிட விறுவிறுப்பு உலகத்தில் எங்கே இருக்கிறது? அதைப் போட்டேன். அங்கேதான் அத்தான், நீங்கள் வந்து நிற்கிறீர்கள். ஐயர் மந்திரத்தை இழுக்க, நீங்கள் தாலியைக் கையில் வைத்துக்கொண்டு பொறுக்கமாட்டாமல், “கெட்டிமேளம்! கெட்டிமேளம்! அடியுங்கோவன் ஐசே!” என்று கத்துகிறீர்கள். மாப்பிள்ளையே மேளம் கேட்ட கலியாணம் உங்களுடையது ஒன்றுதான். அந்தக் கத்தலை வெட்டப்போனால் மேளமும் வெட்டுப்படுகிறது. “அத்தான்ர குரல் தவில் மாதிரித்தானே, வாத்தியம் எண்டு விட்டிடுவினம்” என்று யோகராணி சொன்னா. நானும் விட்டுவிட்டேன்.

பயிற்சிக்குப் போனால் என் கை சும்மா இருக்குமோ? ஊரில் தமிழ்த்தினப் போட்டிகளுக்கு நடுவராக இருந்த கையல்லவா. றிங் என்கிற ஐஸ் தளத்தைச் சுற்றியிருக்கிற பலகையில் தாளம் போட்டேன். பிரதீபா தூரத்திலிருந்து சறுக்கிக்கொண்டு வந்து என் முகத்துக்கு முன்னால் நின்றாள். “அப்பா, ப்ளீஸ், கையைப் பொக்கற்றுக்குள்ள வையுங்கோ. எல்லாரும் பார்க்கினம்.” வைத்தேன். அன்றிலிருந்து என் தாளம் பொக்கற்றுக்குள்ளேதான். கோட்டின் உள்துணி கிழிந்துபோன காரணத்தை யோகராணிக்கு இன்னும் சொல்லவில்லை.

இன்னொன்று. ஆடி முடிந்ததும் பார்க்கிற சனம் ஐஸில் பூ எறிவது இங்கே வழக்கம். நான் எங்கள் கட்டிடத்து ஆட்களிடம் “எல்லாரும் வாங்கோ, பூவும் கொண்டு வாங்கோ” என்று மட்டும் சொல்லிவைத்தேன். மேல்மாடி மங்கையற்கரசி அன்ரியை உங்களுக்குத் தெரியாது. இந்தக் கட்டிடத்தில் பல்லு முளைத்த பிள்ளைக்குக் கொழுக்கட்டை அவிக்கிறதென்றாலும் அவவைக் கேட்டுத்தான். அவ பூவோடு நிற்கவில்லை. கலியாணத்தில் ஆசீர்வதித்துத் தூவுகிற அறுகரிசியும் ஒரு சட்டி நிறையக் கலந்து கொண்டுவந்தா. மாசிப் பனியில் அறுகம்புல்லுக்கு எங்கே போவது? மஞ்சள் அரிசிக்குள் கொத்தமல்லித் தழையை நறுக்கிப் போட்டிருந்தா.

சனிக்கிழமை வந்தது. ஐந்து நடுவர்மார் கம்பளியால் முழங்காலை மூடிக்கொண்டு வரிசையாக இருந்தார்கள். தலைமை நடுவர் பேர்ணடெற் என்று ஒரு அம்மா. இவர்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு புள்ளி போடுவார்கள். துள்ளலுக்கும் சுழலலுக்கும் ஒன்று, பாட்டுக்கு ஏற்ப எப்படி ஆடினாள் என்பதற்கு மற்றது. ஆறுதான் ஆகக் கூடிய புள்ளி. நாங்கள் நூற்றுக்குப் போட்டே சண்டை வரும், இவர்கள் ஆறுக்குள் தசம் வைத்துச் சமாளிக்கிறார்கள்.

பிரதீபா மாம்பழ நிறச் சட்டையில் நடுவில் போய் நின்றாள். நாதஸ்வரம் தொடங்கியது. அத்தான், அந்த றிங்கின் தகரக் கூரைக்குக் கீழே அது எப்படிக் கேட்டது தெரியுமோ! பொப்கோண் விற்கிற மனிதன் கடையை விட்டு வெளியே வந்து பார்த்தான். பிள்ளை தவிலோடு ஒட்டிக்கொண்டு போனாள். தவில்காரர் சுற்றிச் சுழற்றிக் கடைசியில் தாளம் முதல் தட்டுக்குத் திரும்புகிற அந்தச் சமம் இருக்கிறதே, ஒவ்வொரு துள்ளலும் அதில்தான் வந்து இறங்கியது. கரையிலிருந்த நடுவர் ஒருவர் பேனையால் மேசையில் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவர் தட்டின இடம் பிழை, பிள்ளை இறங்கின இடம் சரி. எழும்பிப்போய்ச் சொல்லியிருப்பேன், யோகராணி கோட்டைப் பிடித்துக்கொண்டா.

முடிவுக்கு வந்தது. நீங்கள் கத்தினீர்கள். கெட்டிமேளம் முழங்கியது.

எங்கள் சனத்துக்குக் கெட்டிமேளம் கேட்டால் என்ன செய்யத் தெரியும்? ஒருவரும் யோசிக்கவில்லை. எல்லோரும் எழும்பினார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். மங்கையற்கரசி அன்ரி சட்டியை நீட்ட, ஆளுக்கொரு பிடி அள்ளி எறிந்தார்கள். பலகைக்கு மேலால் அறுகரிசி பறந்துபோய் ஐஸில் விழுந்தது. பிள்ளை கடைசிச் சுழலலுக்காக அந்தப் பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தாள். அரிசி காலில் பட்டது, தடார் என்று இருந்துவிட்டாள். ஆனால் ஒன்று சொல்கிறேன் அத்தான், இதை நீங்கள் எந்த வித்துவானிடமும் கேட்கலாம்: விழுந்ததும் சமத்தில்தான் விழுந்தாள். ஒரு மயிரிழை முன்பின் இல்லை.

பேர்ணடெற் அம்மா விசிலை ஊதிப் பாட்டை நிற்பாட்டினா. ஆட்கள் கூட்டுமாறோடு வந்து மஞ்சளைக் கூட்டினார்கள். பிள்ளைக்கு அடி படவில்லை. அந்த அம்மா என்னையும் செலீனையும் கூப்பிட்டுச் சொன்னா, பிழை பிள்ளையில் இல்லை, ஐஸ் துப்புரவானதும் விட்ட இடத்திலிருந்து திரும்ப ஆடலாம், கெட்டிமேளத்திலிருந்து தொடங்கலாம் என்று. பிரதீபா சப்பாத்தைக் கட்டிக்கொண்டு தயாராக நின்றாள். அப்போது பின்னாலிருந்து மங்கையற்கரசி அன்ரியின் குரல்: “ஐயோ தம்பி, கெட்டிமேளம் ரெண்டாந்தரம் கொட்டப்படாது! குமர்ப்பிள்ளைக்கு ஆகாது!” மற்ற அன்ரிமாரும் “ஓம் ஓம், கூடாது” என்றார்கள். சாத்திரம் சாத்திரம்தானே. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பேர்ணடெற் அம்மாவிடம் சொன்னேன், இது கலியாண மேளம், ஒரு தரம்தான் அடிக்கலாம் என்று.

“யாருக்குக் கலியாணம்?” என்று அந்த அம்மா பிரதீபாவைப் பார்த்துப் பதறிப்போய்க் கேட்டா.

“என்ர அக்காவுக்கு” என்றேன்.

“அக்கா எங்கே?”

“லண்டனில.”

“அப்ப கத்தினது யார்?”

“மாப்பிள்ளை.”

மனிசி பேனையைக் கீழே வைத்துவிட்டா. செலீன் பிரெஞ்சில் ஏதோ சொல்லித் தலையில் கைவைத்தா. நல்லகாலம், எனக்குப் பிரெஞ்சு தெரியாது.

கடைசிச் சுழலல் இல்லாமலே புள்ளி போட்டார்கள். உங்கள் கத்தலைச் சொல் என்று எடுத்து அதற்கும் வெட்டினார்கள். நாலு தசம் ஒன்று, நாலு தசம் மூன்று என்று போட்டவர்களுக்கு நடுவில் பேர்ணடெற் அம்மா மட்டும் இரண்டாவது புள்ளிக்கு ஐந்து போட்டிருந்தா. போகும்போது என்னிடம் வந்து, “அந்த விழுந்த இடம் நடனத்தில் இருந்ததுதானே? அவ்வளவு சரியாகப் பாட்டோடு விழுந்தாளே” என்று கேட்டா. உலகத்தில் தாளஞானம் இன்னும் அழியவில்லை. ஆனால் ஐந்து பேருடையதையும் கூட்டிப் பார்த்தால் பிள்ளைக்கு ஐந்தாம் இடம். நாலு பேர்தான் போவார்கள்.

காரில் அவள் வோக்மனைக் காதில் மாட்டிக்கொண்டாள். வீட்டு வாசலில் மட்டும் கேட்டாள். “அது என்ர டான்ஸ் அப்பா. நான் ஆட ரெடியா நிண்டன். நீங்கள் ஏன் வேண்டாம் எண்டு சொன்னீங்கள்?” பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அந்தக் கேள்வி என்னைச் சுட்டுவிட்டது, அத்தான்.

ஆனபடியால் ஆற அமர யோசித்து முடிவெடுத்துவிட்டேன். இனி இந்த வீட்டில் ஸ்கேற்றிங் இல்லை. சப்பாத்தை யாருக்காவது கொடுத்துவிடுவோம். ரெக்ஸ்டேலில் ஒரு ரீச்சர் வீணை சொல்லிக்கொடுக்கிறாவாம், தூரம்தான், ஆனால் வீணை என்றால் இருந்துகொண்டு வாசிக்கலாம், விழ இடமில்லை. உங்கள் கசற்றை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். தயவுசெய்து இனிமேல் கசற் அனுப்பவேண்டாம். அனுப்பினாலும் கத்தவேண்டாம். கெட்டிமேளம் ஒரு தரம்தான் கொட்டலாம், அது கொட்டியாயிற்று. இது என் முடிந்த முடிவு.

அக்காவுக்கு எங்கள் அன்பு. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு திரியச் சொல்லவும். தங்கள் இருவரின் ஆசீர்வாதம் பிள்ளைக்கு எப்போதும் வேண்டும், தூரத்திலிருந்து, அரிசி இல்லாமல்.

இங்ஙனம்,
தங்கள் அன்பு மைத்துனன்
க. அருள்நாயகம்

பி.கு: உறையை ஒட்ட முன் யோகராணி கடிதத்தை வாங்கி வாசித்தா. “அறுபதாம் கலியாணம் எண்டு எழுதியிருக்கிறியள். அப்ப அத்தான் அக்காவுக்குத் தாலி கட்டினது எத்தினையாந்தரம்?” என்றா. “அந்தக் கசற்றில இருக்கிறதே ரெண்டாந்தரம் கொட்டின மேளம்! அதை வைச்சுக்கொண்டு ரெண்டாந்தரம் கொட்டப்படாது எண்டு நிண்டு பிள்ளையைக் குழப்பினியளே!” என்று சிரிக்கத் தொடங்கினவ இன்னும் நிற்பாட்டவில்லை. மங்கையற்கரசி அன்ரியிடம் மேலே போய்ச் சொன்னேன். “அட, அது எனக்கு மூளையில ஓடேல்லை தம்பி” என்று கதவைச் சாத்திவிட்டா. பிரதீபாவின் கதவில் தட்டி அவளுக்கும் சொன்னேன், பிழை என்னுடையது என்றும் சொன்னேன். “சீரியஸ்லி, அப்பா?” என்று என்னைப் பார்த்தாள். பிறகு அவளும் சிரித்தாள்.

பங்குனியில் பிக்கரிங்கில் இன்னொரு போட்டியாம், அதே மேளத்துக்குத்தான் ஆடுவாளாம். உங்கள் கத்தலுக்குப் புள்ளி வெட்டுவார்களே என்றேன். “பரவாயில்லை, மாமா கத்தினாத்தான் எனக்கு எப்ப சுத்துறது எண்டு தெரியும்” என்கிறாள். ஆகையால் கசற் வராது, வீணையும் இல்லை. மேலே எழுதியதில் சுகம் விசாரித்த பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஹோலில் கதிரைகளைத் தள்ளிவிட்டு, காலுறையோடு மேளத்துக்குச் சுற்றிப் பழகுகிறாள். இதோ, கூப்பிடுகிறாள், இத்துடன் நிறுத்துகிறேன்: “அப்பா, அங்க நிண்டு என்ன எழுதுறீங்கள்? மற்றக் கையைப் பொக்கற்றால எடுத்துக்கொண்டு வாங்கோ, தாளம் போட ஆளில்லை.”