ஒருதலை விசுவாசம்

தெருமுனை சலூனைத் தாண்டாமல் கணக்கர் வீட்டுக்குப் போக வேறு வழி கிடையாது. சலூன் கண்ணாடியோ தெருவைப் பார்த்தபடி மாட்டியிருந்தது. சலூன்காரர் முதுகைக் காட்டி நின்றாலும் போகிற வருகிற தலையெல்லாம் அவர் கண்ணில் பட்டுவிடும்.

கணக்கர் அன்று மத்தியானம்தான் அந்தப் பாவத்தைச் செய்திருந்தார். ஆபீஸுக்குக் கீழே புதிதாகத் திறந்த ஏசி சலூனில் முடி வெட்டிக்கொண்டுவிட்டார். "உங்க கிராப்பைப் பார்த்தா பள்ளிக்கூட குரூப் போட்டோ ஞாபகம் வருது சார்" என்று பக்கத்து மேசைப் பெண் சொன்ன ஒரு வார்த்தைக்காக.

அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. சோப்புக் கம்பெனி சோப்பின் நிறத்தை மாற்றியபோது, அதைத் தமக்குச் செய்த துரோகமாகவே எடுத்துக்கொண்டவர். "நான் மாறுற ஆள் இல்ல" என்பதை விசிட்டிங் கார்டு மாதிரி எல்லோரிடமும் நீட்டுகிறவர். கல்யாணத்தன்று காலையில் வெட்டிவிட்ட இந்தச் சலூன்காரரின் அதே கைதான் நேற்றுவரை அவர் தலையைத் தொட்டிருந்தது. விஷயம் தெரிந்தால் அந்த மனுஷன் மனசு உடைந்துபோகும்.

மற்றவர்கள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். கணக்கர் முழுத் தலையைக் கம்பளித் தொப்பியில் மறைத்தார்.

"என்ன சார், இந்த வெயில்ல தொப்பி?" என்று சலூன்காரர் கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார்.

"சளிப்பா. தலையில நீர் கோத்துக்கிச்சு."

"முடி அடர்த்தியா இருந்தா அப்படித்தான். உக்காருங்க, குறைச்சு விடறேன்."

"நாளைக்கு" என்று கணக்கர் ஏறக்குறைய ஓடினார்.

மறுநாளும் வந்தது. தொப்பி போதாது என்று தோன்றவே, தலையில் கட்டுப் போட உட்கார்ந்தார். மனைவிதான் துணியைச் சுற்றிவிட்டாள்.

"உண்மையைச் சொல்லிட்டா என்ன? அவரு என்ன, உங்களைக் கட்டிக்கிட்டவரா?"

"உன்கிட்டன்னா சொல்லிடுவேன். அவரு மனசு தாங்காது."

ஆபீஸ் அலமாரி தலையில் விழுந்துவிட்டதாகப் போகிறபோக்கில் சலூன்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் சலூன்காரர் தம் மனைவியோடு, ஒரு பை ஆரஞ்சோடு வாசலில் நின்றார்.

"எத்தனை தையல் சார்?"

தையல் இல்லையென்றால் கட்டுக்கு என்ன மரியாதை? "மூணு" என்றார் கணக்கர்.

சலூன்காரர் முகம் கறுத்தது. "தையல் போட்டா முடியை வழிச்சிருப்பாங்களே. கண்டவன் கத்தியா, உங்க தலையிலயா? அவுருங்க, நான் சமன் பண்ணி விடறேன்." இடுப்பிலிருந்து வாள் உருவுவது போலச் சட்டைப் பையிலிருந்து சீப்பை உருவினார்.

"வேணாம்பா, டாக்டர் திட்டுவாரு."

"உங்க சுழி எந்தப் பக்கம் இருக்குன்னு டாக்டருக்குத் தெரியுமா?"

கணக்கர் மனைவியைப் பார்த்தார். அவள் ஆரஞ்சு உரிப்பதில் மும்முரமாகிவிட்டாள்.

கட்டு சுற்றுச் சுற்றாக அவிழ்ந்தது. உள்ளே காயம் இல்லை. காதோரம் சரிவாக இறங்கி, ஜெல் மணக்க, வெகு நேர்த்தியாக ஒரு கிராப் இருந்தது.

சீப்பு அந்தரத்தில் நின்றது.

"மன்னிச்சிடுங்க" என்றார் கணக்கர், முதல்முறையாக மரியாதை கொடுத்து. "ஆபீஸுக்குக் கீழே, அந்த ஏசி கடையில. ஒரே ஒரு தடவைதான்."

சலூன்காரர் நாற்காலியில் சாய்ந்தார். அதுவரை வாயே திறக்காத அவர் மனைவிதான் நீளமாக மூச்சு விட்டாள்.

"அப்பாடா, இந்த ஒரு சார் மனசு நோகுமேன்னுதானே, அதே ஏசி கடையில கூப்பிட்ட வேலைக்குப் போகாம இவ்வளவு நாளா ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருந்தீங்க? காலையில முதல் ஆளாப் போய்ச் சேருங்க."