ஒரே ஒரு மலை ஏறியவர்

பொய் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஸ்டானிஸ்லாஸ் மலை ஏறியது சத்தியம். எதிர்வீட்டுக் கெங்கம்மா குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு, "சீமையில ரூமுக்குள்ள போத்திக்கினு படுத்திருந்துட்டு, மலை ஏறினேன்னு இங்க வந்து ரீல் வுடறாரு" என்கிறாளே, அவள் என்ன கூடப் போய்ப் பார்த்தாளா? அவள் ராயபுரத்தைத் தாண்டியதே காலடிப்பேட்டை நாத்தனார் வீட்டு வளைகாப்புக்குத்தான். அதற்கும் பஸ்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மலை ஏறுகிறவர்கள் ஓர் இனம். ஒரே ஒரு மலையை ஒரே ஒரு ராத்திரி ஏறிவிட்டு, மிச்ச ஆயுள் முழுக்க அதிலிருந்து இறங்காதவர்கள் வேறோர் இனம். நம்முடைய ஆள் இரண்டாவது இனம்.

துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கிற கம்பெனி ஒன்று அறுபத்து மூன்றில் அவரைப் பதினெட்டு மாதப் படிப்புக்கு ஸ்காட்லாந்துக்கு அனுப்பியது. என்ன படித்தார்? பாய்லரைப் பற்றி ஏதோ. அதைப்பற்றி ஒருநாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசுவதெல்லாம், கல்லூரிப் பிள்ளைகள் இருபத்து மூன்று பேரோடு, மழையில், இரவல் பூட்ஸுக்குள் பழைய பேப்பரைத் திணித்துக்கொண்டு, ராத்திரி ஒன்பது மணிக்குக் கிளம்பி, மூன்று ஏற்றம் ஏறி மறுநாள் காலை ஏழுக்கு இறங்கிய அந்த ஒரு நடையைப் பற்றித்தான். பஸ் வரவில்லை என்று சொல்லிப்பாருங்கள், மலை வரும். தூறல் போட்டால் மலை. மாடிப்படியில் யாராவது மூச்சு வாங்கினால் போயிற்று, காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, அந்த நடையில் விழுந்து வாங்கிய தழும்பைக் காட்டிவிட்டுத்தான் அடுத்த படிக்கு விடுவார்.

திரும்பி வந்த புதிதில் அது இருபத்து நாலு மைல். ஊரில் மைல்கல்லையெல்லாம் பிடுங்கிக் கிலோமீட்டர் கல் நட்டார்கள் அல்லவா, உடனே முப்பத்தெட்டு கிலோமீட்டர் ஆயிற்று. அதில் தப்பில்லை. அடுத்த வருஷம் முப்பத்தெட்டு மைல் ஆனதுதான் கொஞ்சம் உதைத்தது.

அவர் மனைவி ஹில்டாவுக்கு அந்தக் கதை கடிகாரம். கூடத்தில் அவர் முதல் ஏற்றம் ஏறும்போது இவள் மீனுக்குச் செதில் சீவ ஆரம்பிப்பாள். இரண்டாவது ஏற்றத்தில் புளி கரையும். மூன்றாவது முடிந்தால் குழம்பை இறக்கிவிடலாம். அந்த மீன் வாங்கக் காசிமேட்டுக்கு நம் மலையேறி போய்வந்தது எதில்? ரிக்‌ஷாவில்.

கதையின் உச்சி எதுவென்றால், அந்த மூன்றாவது ஏற்றம். கூட்டத்தை நடத்திப்போனவன் நின்று திரும்பி, அத்தனை பேரில் இவரைத் தேடிவந்து, சிவப்புக் கண்ணாடி போட்ட விளக்கை இவர் கையில் கொடுத்தானாம். "என்னை நம்பிக் குடுத்தான்" என்று விளக்குப் பிடித்த கையைத் தூக்கிக் காட்டுவார். எட்டு வருஷம் தெருவே தலையாட்டியது.

போன மாசிமாதம் ஒரு சாவு வீட்டில், இவர் மூன்றாவது ஏற்றத்தில் இருக்கும்போதுதான் இன்னாசி வாயைத் திறந்தான். இன்னாசி துறைமுக ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். வருஷாவருஷம் கோயிலிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற கூட்டத்துக்கும் அவன்தான் தலைவன்.

"மாமு, ஒரு டவுட்டு. கூட்ஸ் வண்டில செவப்பு விளக்கு எந்தப் பொட்டில மாட்டுவாங்கோ?"

உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் ரயில்வே. முதலில் சிரித்தது செத்தவருடைய மகன்.

அன்றிலிருந்து ஸ்டானிஸ்லாஸுக்குக் 'கடைசிப் பொட்டி' என்று பெயர். ஹில்டா விடுவாளா? "கடைசிப் பொட்டின்னா இன்னா எளக்காரமா கீதா? அந்த விளக்கு வந்தாத்தான் வண்டி முழுசா வந்துச்சுன்னு ஸ்டேஷன்ல எழுதுவான். தெரிஞ்சிகினு பேசு" என்று குழாயடியில் கெங்கம்மாவை ஒரு பிடி பிடித்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தால், மனிதர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். மலை நின்றுபோயிற்று. குழம்பு இரண்டுநாள் தீய்ந்தது.

தீய்ந்தது குழம்பு மட்டுமென்றால் பரவாயில்லை. ஹில்டாவுக்கு ஒரு நேர்ச்சை பாக்கி இருந்தது. அவர் சீமையில் இருந்தபோது இரண்டு மாதம் கடுதாசி இல்லாமல் போக, 'மனுஷன் உசுரோட வந்து சேரட்டும், ரெண்டு பேருமா நடந்தே வர்றோம்' என்று வேளாங்கண்ணி மாதாவிடம் சொல்லிவிட்டாள். ரெண்டு பேருமாக. தனியாகப் போனால் செல்லாது. அவர் வந்தார். நடை மட்டும் வரவில்லை. முதல் வருஷம், முதுகில் மாட்டுகிற பை சரியில்லை. மறுவருஷம் பூட்ஸ். அதற்கடுத்து, தஞ்சாவூர் ஜில்லா மேப் தப்பு. பிறகு வருஷாவருஷம் கோயில் வாசலில் நின்று, குதிகாலை எப்படி ஊன்றவேண்டும் என்று கூட்டத்துக்கு அரைமணி நேரம் பாடம் நடத்தி, கையசைத்து அனுப்பிவிட்டு, ரிக்‌ஷா பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவார். பத்துநாள் நடக்கிற ஆட்கள் எதிரில், ஒரு ராத்திரி நடந்த ஆள் கொடுக்கிற பாடம். அவர்களும் கேட்டுக்கொண்டார்கள்.

இந்த வருஷம் பாடமும் இல்லை. ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள், விடிகாலைப் பூசை முடிந்து கூட்டம் தெருவுக்குள் வந்துவிட்டது. ஹில்டா துணிமூட்டையோடு நிற்கிறாள். அவர் முட்டியில் துணி சுற்றிக்கொண்டு நாற்காலியில் இருக்கிறார்.

வாசலில் இன்னாசி. "மாமு, வர்றியா இன்னா? வெயில் ஏறிடும்."

"நீ போ. எனக்கு முட்டி நோவுது."

இன்னாசி நகர்ந்தான். உள்ளே அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "ஹில்டா, அவன் சொல்றது நெசம். அன்னிக்கு நான்தான் கடைசி. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு பாறை மேல குந்திகினு அழுதேன். அப்பதான் விளக்கக் குடுத்தான், என்னை வுட்டுட்டுப் போய்டக் கூடாதுன்னு."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"மொத தபா சொன்னீங்கல்ல, அப்பலேர்ந்து. எங்க நைனா கூட்ஸ் வண்டில கார்டு. அந்த விளக்கத் தொடைச்சுத் தொடைச்சு வளந்தவ நான்."

"பின்ன ஏன் கேட்டுகினே இருந்தே?"

"அழுதுகினாவது வந்து சேந்தீங்கல்ல. அதுக்குத்தான நேந்துக்கினேன். முட்டியக் காட்டுங்க." துணியை அவிழ்த்தாள். வீக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. "வேளாங்கண்ணி வரைக்கும் ஏத்தமே கெடயாது. எழுந்திருங்க."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களிடமும் ஒன்று இருக்கும்: கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய மெடல், முகத்துக்கு நேரே மேனேஜரை மடக்கிய கேள்வி, திருடனைத் துரத்திய ராத்திரி. அதைச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் கண்ணை அகல விரித்துக் கேட்கிறாரே, அவருக்கு நிஜம் தெரியாது என்று எந்தத் தைரியத்தில் நம்புகிறீர்கள்?

ஸ்டானிஸ்லாஸ் எழுந்து பூட்ஸைத் தேடினார். நேர்ச்சைக்கு வெறுங்கால்தான் என்றாள் ஹில்டா. மூட்டையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசலை விட்டு இறங்கினார். கூட்டம் தெருமுனை திரும்பிவிட்டது. கெங்கம்மா குடத்தை இறக்கிவைத்துவிட்டு வேடிக்கை பார்த்தாள். அவளைத் தாண்டும்போது ஸ்காட்லாந்தில் எப்படி நடப்பார்கள் என்று ஒரு வார்த்தையாவது சொல்வார் என்று பார்த்தால், மனிதர் கூட்டத்தைப் பிடிக்க எட்டி நடந்தார்.