ஏழாம் அறை நோயாளி

தேர்வு மணி அடிக்கப் போகும் நேரம் பார்த்தா மார்லிஸின் வெள்ளைக் கோட்டில் காபி கொட்ட வேண்டும்? கழிவறைக் குழாயில் அலசினாள். கறை மார்பிலிருந்து முதுகுக்குப் போனது. சோப்புப் போட்டாள், நுரை நின்றபாடில்லை. கடைசியில் கோட்டு, குளத்தில் விழுந்த பூனை மாதிரி சொட்டச் சொட்ட அவள் கையில் தொங்கியது.

எழுத்துத் தேர்வென்றால் ஸ்வெட்டரோடு உட்கார்ந்து எழுதிவிடலாம். இது நோயாளியைப் பார்க்கும் தேர்வு. சம்பளத்துக்கு நடிகர்கள் நோயாளியாக வருவார்கள். விசாரித்து, தொட்டுப் பார்த்து, நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டும். கேமரா வழியாகப் பார்த்து மார்க் போடுவார்கள். மார்லிஸ் ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருந்தாள். இன்றைக்கும் தோற்றால் படிப்பு அம்பேல். சொந்த ஊரான டுலூத்தின் பனியில் மறுபடியும் பள்ளிக்கூட பஸ் ஓட்ட வேண்டியதுதான்.

பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவள், நாற்பத்தாறு வயதில் டாக்டருக்குப் படிக்கக் கிளம்பினாள். கல்லூரிக்குப் போன முதல் நாளே ஒரு பையன், "நீங்க யாரோட அம்மா?" என்று கேட்டான். நூலகத்தில் ஒருத்தி அவளிடம் வந்து விளக்கு எரியவில்லை என்று புகார் சொன்னாள். மார்லிஸ் ஏணி போட்டு மாற்றியும் கொடுத்துவிட்டாள், அது வேறு விஷயம்.

கழிவறையை விட்டு வெளியே வந்தால் எதிரே கெல்சி. தேர்வை நடத்தும் சின்னப் பெண். காலில் சக்கரம் கட்டியவள்.

"அப்பாடா, வந்துட்டீங்களா! ஏழாம் ரூமுக்கு உங்களத்தான் தேடிட்டிருக்கேன். ஐயோ, என்ன இப்படி நனைஞ்சிருக்கு? இந்தாங்க, இதப் போட்டுக்குங்க."

நீட்டியது, நோயாளிகள் போட்டுக்கொள்ளும் நீல கவுன்.

"இதையா?"

"வேற எதுவும் இல்ல மேடம், சீக்கிரம்! உள்ள நாற்காலி ஒடஞ்சு கெடக்கு. கட்டில்லயே உக்காந்துக்குங்க."

தள்ளாத குறையாக உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள். மார்லிஸ் ஸ்வெட்டருக்கு மேல் கவுனை மாட்டிக்கொண்டு கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். அப்போதுதான் சுரீரென்று உறைத்தது.

"அடிப்பாவி! என்ன நடிகைன்னு நெனச்சுட்டாளே!"

மணி அடித்தது. கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டினாள். "ஐயா, ஆள் மாறிப்போச்சு! நான் பேஷண்ட் இல்ல, ஸ்டூடண்ட்!" கேமராவின் சிவப்பு விளக்கு சும்மா கண் சிமிட்டியது. குதித்து இறங்கினாள், கவுனின் நாடா கட்டில் கம்பியில் மாட்டிக்கொண்டது. இழுத்தாள், முடிச்சு இறுகியது. இன்னும் பலமாக இழுத்தாள். கட்டில் அவளோடு கூடவே வந்தது.

கதவைத் தட்டும் சத்தம். வெள்ளைக் கோட்டு போட்ட பையன் ஒருவன் உள்ளே வந்தான்.

"வணக்கம். நான் சோரன். மெடிக்கல் மூணாவது வருஷம்."

"நல்லாப் போச்சு! நானும் மூணாவது வருஷம்தான். தம்பி, உன் பேஷண்ட் நான் இல்ல. ஆள மாத்திப்புட்டாங்க. ஓடிப் போய் வெளிய சொல்லு!"

பையன் அசையவில்லை. அவன் கை நடுங்கியது.

"என்னால முடியல மேடம்."

"இதுல என்னடா முடியலங்கிறது? சரி, தொலையுது, பேஷண்டாவே இருந்துட்டுப் போறேன். எனக்கு வயித்து வலி. எங்க வலிக்குதுன்னு கேளு."

"எங்க... வலிக்குது?"

"இங்கதான்."

பையன் அவள் வயிற்றைப் பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டான்.

மார்லிஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். பாதி நேரம் போய்விட்டது. இந்தக் கட்டடத்தில் வேறெந்த அறையிலோ அவளுடைய நோயாளி காத்துக்கொண்டிருப்பான். கவுனைக் கழற்றி வீசிவிட்டு ஓடினால் பாதி மார்க்காவது தேறும். ஆனால் பஸ்ஸில் ஒரு பிள்ளை அழுதால் வண்டியை ஓரங்கட்டாமல் ஓட்டிய பழக்கம் அவளுக்கு இல்லை. 

கட்டிலை இழுத்துக்கொண்டே அவனருகே போய் உட்கார்ந்தாள்.

"கண்ணு, என்ன பாரு. எப்ப தூங்கின?"

"ரெண்டு மூணு நாளாச்சு. நெஞ்சு படபடன்னு அடிக்குது. இந்தப் படிப்பே வேணாம்னு தோணுது."

"படிப்பு வேணாமா, உசுரே வேணாமா? மறைக்காம சொல்லு."

"ஐயையோ, படிப்பு மட்டும்தான்."

"அப்பச் சரி. வீட்ல யாருக்காச்சும் தெரியுமா?"

"சொல்ல வெக்கமா இருக்கு."

"இதுல என்ன வெக்கம்? இந்த வயசுல வகுப்புல போய் நான் உக்காரலியா? அது வெக்கம்!"

பையன் லேசாகச் சிரித்தான். மார்லிஸ் அவன் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். கட்டிலில் படுக்கவைத்து இதயத் துடிப்பைக் கேட்டாள்.

"காலைல என்ன சாப்ட்ட?"

"காபி."

"காபியும் ஒரு சாப்பாடா?" கவுனுக்குள் கையை விட்டு, ஸ்வெட்டர் பையிலிருந்த கடலை வெண்ணெய் சாண்ட்விச்சை எடுத்தாள். "தின்னு. இன்னிக்கே உங்க வீட்டுக்குப் போன் போடு. நாளைக்கு நானே உன்ன கல்லூரி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். எனக்கு என்ன, நாளையிலேருந்து சும்மாதான இருக்கப்போறேன்!"

முடிவு மணி அடித்தது. போச்சு, எல்லாம் போச்சு. கெல்சி கதவைத் திறந்ததும் மார்லிஸ் வெடித்துவிட்டாள்.

"ஏம்மா, என் மூஞ்சியப் பாத்தா ஸ்டூடண்டாத் தெரியலியா? நாலு நரைமுடி இருந்தா நடிகையா? உன்னால என் தேர்வே போச்சு!"

கெல்சி விழித்தாள். "நீங்க ஸ்டூடண்டுன்னு தெரியுமே மேடம்! கோட்டு ஈரமா இருக்கேன்னுதான் கவுன் குடுத்தேன்."

"அப்ப என் பேஷண்ட் எங்க?"

கட்டிலில் கடைசி வாய் சாண்ட்விச்சை விழுங்கிவிட்டுப் பையன் எழுந்து உட்கார்ந்தான். "நான்தான் மேடம் அந்த நடிகன். மனசொடிஞ்ச மெடிக்கல் ஸ்டூடண்ட், அதான் இன்னிக்கு என் பேஷண்ட் வேஷம். நடுக்கமும் அழுகையும் நடிப்பு, பசி மட்டும் நெசம். காலைலேருந்து எத்தனையோ பேர் என் நாடியைப் பாத்தாங்க, 'சாப்ட்டியா'ன்னு கேட்ட மொத டாக்டர் நீங்கதான்."