மூன்றாவது பேத்தை

மாடம்பாக்கம்,
திங்கட்கிழமை மாலை.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய லோகநாயகி அக்காவுக்கு,

சுபத்ராவின் வணக்கங்கள். உங்கள் மூட்டுவலியும் அண்ணனின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மாடியில் காயப்போட்ட வத்தலைக் குரங்கு தொடாமல் இருந்தால் அதுவும் சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் இந்த வீட்டில் இப்போது மூன்று உயிர்கள் இருக்கிறோம், அதில் இரண்டு மருந்தில் இருக்கின்றன. ஆகவே, நான் நலம்.

இன்று காலை கண் விழித்ததும் நான் முதலில் போனது மீன் தொட்டிக்குத்தான். டார்ச் அடித்து, மீனின் செவுள் அசைகிறதா என்று பார்த்தேன். அதற்குப் பிறகுதான் உங்கள் தம்பியின் மார்பில் கை வைத்துப் பார்த்தேன். இந்த வரிசையை மாற்றி எழுதியிருக்கலாம், உங்களுக்குத் தெரியவா போகிறது? ஆனால் பொய்யில் ஆரம்பிக்க மனம் வரவில்லை. அவர் விட்ட குறட்டை கூடம் வரை கேட்டது, தனியாகப் போய்ப் பார்க்கத் தேவையிருக்கவில்லை என்று வேண்டுமானால் வாதாடலாம். மீன் குறட்டை விடுவதில்லை.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். போனில் உங்களிடம் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி முடித்துப் பல வருடம் ஆகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். நேற்று நீங்கள் என் தாலியின் மேல் வாங்கிய சத்தியத்தை மதித்து, மீனுக்குக் கொடுக்கும் மருந்தை நிறுத்திவிடுகிறேன் என்று உறுதி சொல்லத்தான் இந்தக் கடிதம். நிறுத்துவதற்கு முன்னால், நடந்ததை ஒருமுறை முழுவதுமாகச் சொல்லிவிட வேண்டும் போலிருக்கிறது. அவ்வளவுதான்.

உங்கள் தம்பிக்கு ஒரு வால்வு பழுது, ஒரு ரத்தக்குழாயில் அடைப்பு என்று டாக்டர் சொன்ன அன்றே நீங்கள் போன் செய்தீர்கள். "வீட்ல ஒரு மீன் தொட்டி வை சுபா. வளக்கற மீன் ஒண்ணு செத்தா, வீட்டுக்கு வர இருந்த கண்டத்த அது வாங்கிட்டுப் போயிடும். ஆபரேஷனுக்கு முன்னாடி ஒண்ணாவது போகணும்" என்றீர்கள். ஈசானிய மூலையில் வைக்க வேண்டும் என்றும் சொன்னீர்கள். எங்கள் வீட்டு ஈசானிய மூலையில் குளிர்சாதனப் பெட்டி இருந்தது. அதை நகர்த்தியதில் இப்போது அதன் கதவும் படுக்கையறைக் கதவும் ஒரே சமயத்தில் திறக்காது. யாருக்காவது தயிர் வேண்டுமென்றால் உள்ளே படுத்திருப்பவர் முதலில் வெளியே வந்துவிட வேண்டும். பரவாயில்லை, பழகிவிட்டது.

எட்டு தங்க நிற மீன், ஒரு கறுப்பு மீன் என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். தவறு என்னுடையதுதான். கேளம்பாக்கத்தில் ஜெரோம் என்பவரின் கடையில் தங்க மீன்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தொட்டியிலிருந்து யாரோ என்னைப் பார்ப்பது போலிருந்தது. திரும்பினால் மூன்று குண்டு மீன்கள். பச்சை உடம்பில் கறுப்புப் புள்ளி, வெள்ளைத் தொந்தி, உருண்டு உருண்டு திரும்பும் பெரிய கண்கள், முன்னால் நீட்டிய பல். புது வீட்டு வாசலில் கட்டும் திருஷ்டிப் பூசணிக்காயில் வரைந்த முகம் அப்படியே இருந்தது. திருஷ்டி கழிப்பதற்கென்றே பிறந்த மீன் இருக்கும்போது தங்க மீன் எதற்கு என்று தோன்றியது. ஜெரோமும், "நல்ல தண்ணி மீன்தான் மேடம். ரொம்ப புத்திசாலி, ஆளைப் பாத்தா அடையாளம் கண்டுக்கும்" என்றார். மூன்றையும் வாங்கி வந்தேன். அவர் சொன்னதில் இரண்டாவது உண்மை.

முதல் மீன் நாலாம் நாளே செத்தது. பத்தாம் வகுப்புக்கு வருடா வருடம் அம்மோனியாவின் பண்புகளைக் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவள் நான். மீனின் கழிவு தேங்கினால் புதுத் தொட்டியின் தண்ணீரில் அதே அம்மோனியா சேரும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. பாடப்புத்தகத்தில் இருப்பது வீட்டிலும் நடக்கும் என்று யார் எதிர்பார்த்தார்கள்? அழுகையை அடக்கிக்கொண்டு உங்களுக்குப் போன் செய்தால், "போயிடுச்சா? அப்பாடா! முருகா! உடனே ஒரு பாயசம் வை" என்றீர்கள். வைத்தேன். உங்கள் தம்பி, "அக்கா சொல்லி வெச்ச பாயசம், வேண்டாம்னா கோச்சுக்குவா" என்று இரண்டு டம்ளர் குடித்தார். அடுத்த நாள் பரிசோதனையில் சர்க்கரை ஏறிப்போய், ஆபரேஷன் இரண்டு வாரம் தள்ளிப்போனது. செத்துப்போன மீன் எந்தக் கண்டத்தை எடுத்துக்கொண்டு போனது என்று அப்போது உங்களிடம் கேட்க நினைத்தேன். நீங்கள் பேசிக்கொண்டிருந்தீர்கள்.

மிச்சம் இரண்டும் சோர்ந்து போய் அடியில் படுத்திருந்தன. தெருவில் மீன் விற்க வரும் செல்லம்மா ஒருநாள் வாசலிலிருந்தே தொட்டியைப் பார்த்துவிட்டு கூடையை இறக்கினாள்.

"அய்ய, இன்னாமா இது? பேத்தை மீன வூட்ல வெச்சிகினு கீறே? வலையில மாட்னா கரையிலயே கடாசிட்டு வருவோம். விசம்மா அது. நாய்கூட மோந்து பாக்காது."

"கடையில குடுத்தாங்க செல்லம்மா."

"குடுப்பான் குடுப்பான். இது மொகத்துவாரத்துல கீற சாதி. உப்புத் தண்ணி வோணும். நல்ல தண்ணில போட்டா இன்னாத்துக்கு ஆவும்? நத்தை கித்தை இருந்தா போடு. ஓட்ட கடிச்சாத்தான் அதுக்குப் பல்லு தேயும்."

அன்றே ஐந்து கிலோ உப்பு வாங்கி வந்தேன், மீனுக்கென்று விற்கிற கடல் உப்பு. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தபோது, இரண்டு மாதமாக உப்பில்லாத ரசம் குடிக்கும் உங்கள் தம்பி பின்னால் வந்து நின்றார். "எனக்கு ஒரு சிட்டிகை கிடையாது, அதுக்கு மூட்டையாவா? வால்வு யாருக்குக் கெட்டிருக்குன்னு அந்த டாக்டர்கிட்ட இன்னொரு தடவை கேளு" என்றார். நோய் வந்த பிறகு அவர் என்னைச் சிரிக்கவைத்தது அன்றுதான் முதல்முறை. அடுப்படிக்குப் போய்ச் சிரித்தேன், பிறகு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

உப்பு போட்டும் இரண்டாவது மீன் பிழைக்கவில்லை. வயிறு ஒட்டிப்போய், எதைப் போட்டாலும் வாயில் வாங்கித் துப்பிவிட்டு, ஒரு வாரத்தில் போய்விட்டது. நீங்கள், "வால்வுக்கு ஒண்ணு, அடைப்புக்கு ஒண்ணு. சரியாப் போச்சு பாரு" என்றீர்கள். மூன்றாவது எதற்கு அக்கா என்று கேட்டேன். "மயக்க மருந்துக்கு. அதுலயும் ஆபத்து இருக்காமே" என்றீர்கள்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. அந்த இரண்டாவது மீனை வலையில் எடுத்தபோது ஒரு கணம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அறிவியல் படித்தவள், அறிவியல் சொல்லிக்கொடுக்கிறவள். ஆனாலும், சரி, ஒன்று குறைந்தது, அவருக்கு ஒன்று கூடியது என்று மனம் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது. தொட்டிக்குள் தனியாக மிஞ்சிய மூன்றாவது, கண்ணாடியில் மூக்கை வைத்து, கையில் இருந்த வலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது. உங்களைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாயே கிடையாது அக்கா. நீங்கள் வெளியே சொன்னீர்கள், நான் உள்ளே சொன்னேன்.

ஒருவேளை அதனால்தானோ என்னவோ, மூன்றாவதற்கும் வயிறு ஒட்டி, வெள்ளை நூல் போல மலம் தொங்க ஆரம்பித்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஜெரோமுக்குப் போன் செய்து கத்தினேன். அவர் பாவம், இரண்டு செத்த சேதியில் ஏற்கெனவே ஆடிப்போயிருந்தார். "வயித்துல புழு மேடம். கடல்லயிருந்து புடிச்சு வர்ற மீனுக்கெல்லாம் இருக்கும். ஆடு மாட்டுக்குக் குடுக்கற பூச்சி மருந்துதான். வாரம் ஒருதடவை, மூணு வேளை. மூணாவதை விட்டுட்டா முட்டையிலேருந்து மறுபடி வந்துரும்" என்றார். தாம்பரத்தில் எங்கும் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு பஸ் பிடித்துப் படப்பை போனேன். கால்நடை மருந்துக் கடையில் ஜெயவேலு என்று ஒரு பெரியவர் இருந்தார்.

"எத்தனை உருப்படிம்மா?"

"ஒண்ணுதான்."

"கறவையா, சினையா?"

"மீனுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "எடை எவ்ளோ இருக்கும்?"

"ஒரு எலுமிச்சம்பழம்."

ஆட்டுக்கு மருந்து வாங்க வந்தவர் ஒருவர், "கொழம்பு வெக்கற மீனுக்கு வைத்தியமா மேடம்?" என்று கேட்டுக் கடை முழுவதையும் சிரிக்கவைத்தார். ஜெயவேலு மட்டும் சிரிக்கவில்லை. "இது நானூறு கிலோ மாட்டுக்கு உண்டானது. மிச்சத்த வீணாக்காம ஒரு மாடு வாங்கிடுங்க" என்று பாட்டிலைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

நத்தைச் சதையை மருந்தில் ஊறவைத்துக் கொடுக்க வேண்டும். நத்தைக்கு மாடம்பாக்கம் ஏரிக்கரைக்குப் போனேன். சேற்றில் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தபோது என் வகுப்புப் பையனின் அப்பா ஸ்கூட்டரை நிறுத்தி, "மூலத்துக்கா மிஸ்? எங்க மாமாவுக்கு நல்லாக் கேட்டுச்சு" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் ஆசிரியர் அறையில் எனக்கு மட்டும் நாற்காலியில் ஒரு மெத்தை போட்டிருந்தார்கள்.

போன புதனுக்கு முந்தின புதன் முதல் வேளை. போன புதன் இரண்டாவது. சனிக்கிழமை அது ஒரு நத்தையை ஓட்டோடு கடித்தது. டக்கென்று சத்தம் படுக்கையறை வரை கேட்டது. உங்கள் தம்பி கட்டிலிலிருந்து, "கடிச்சிட்டானா?" என்று கூப்பிட்டுக் கேட்டார். அவருடைய நெஞ்சைத் திறக்கப்போவது யாரோ. வால்வு வெளிநாட்டிலிருந்து வருகிறதாம். நான் செய்யக்கூடியது கையெழுத்துப் போடுவதும் வெளியே பெஞ்சில் உட்காருவதும்தான். இந்த மீனுக்கு மட்டும்தான் என் கையால் ஏதாவது செய்ய முடிந்தது. இதை வேறு எப்படி உங்களுக்குப் புரியவைப்பது என்று தெரியவில்லை.

சந்தோஷத்தில் நேற்று உளறிவிட்டேன். "மீன் தேறிடுச்சு அக்கா" என்றேன். நீங்கள் அழ ஆரம்பித்தீர்கள். "நீ அதைப் பிழைக்க வெச்சா அந்தக் கண்டம் யார் தலையில விடியும்? வியாழக்கிழமை அவன் நெஞ்சைக் கிழிக்கப் போறாங்க, நீ மீனுக்கு மருந்து ஊத்திட்டு இருக்கியா? தினாவை நான் இடுப்புல தூக்கி வளத்தேன்டி" என்றீர்கள். சத்தியம் செய்தேன். போன் ஸ்பீக்கரில் இருந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

உங்கள் தம்பி கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். பிறகு, "அக்காவத் தப்பா நினைக்காத சுபா. பயம். அவளுக்கு வேற என்ன செய்யத் தெரியும்?" என்றார்.

"நான் ஒண்ணும் நினைக்கல."

"மருந்த நிறுத்தினா வியாழக்கிழமைக்குள்ள செத்துருமா?"

"உடனே சாகாது. கொஞ்ச நாளாகும்."

"அப்ப ஆபரேஷனுக்கு அது உதவாதே" என்று சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்து, தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "சரி, அவ சொல்றபடியே செய். ஆனா எங்கிட்ட எதுவும் சொல்லாத. ஆஸ்பத்திரியில நான் கண்ணு முழிச்சுக் கேட்டா, சாப்பிட்டுச்சுன்னு சொல்லு. அது போதும்" என்றார்.

ஆகவே அக்கா, மூத்தவர் நீங்கள் சொன்னதற்கும் அவர் சொன்னதற்கும் கட்டுப்பட்டு, இன்றோடு மருந்தை நிறுத்துகிறேன். பாட்டிலை ஜெயவேலு கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவேன். இனி அது பிழைப்பதும் போவதும் அதன் பாடு. நீங்கள் மனக்குறையில்லாமல் வியாழக்கிழமை பூஜையைச் செய்யுங்கள். அண்ணனுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்கள் தம்பியின் நெஞ்சு உங்கள் வேண்டுதலால் தைத்து மூடப்பட்டு, நூறு வயது வரை திறக்காமல் இருக்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
சுபத்ரா

பின்குறிப்பு: மேலே உள்ளதைப் படித்துப் பார்த்தேன். மருந்தை நிறுத்துகிறேன் என்று எழுதிய இடத்தில் மட்டும் கையெழுத்து யாருடையதோ போலிருக்கிறது. அக்கா, நிறுத்தப்போவதில்லை. புதன்கிழமை காலை அவரை அட்மிட் செய்துவிட்டு, மாற்றுப்புடவை எடுத்துவர மறந்துவிட்டேன் என்று சொல்லி மின்சார ரயிலில் தாம்பரம் வந்து, மூன்றாவது வேளையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அவரிடமும் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை அதற்குப் பிறகுதான் தபாலில் போடுவேன், உங்கள் கைக்கு வரும்போது வெள்ளிக்கிழமை ஆகியிருக்கும், எது நடக்குமோ அது நடந்து முடிந்திருக்கும். கெட்டது நடந்திருந்தால், என்னால்தான் என்று நீங்கள் சொல்லலாம், நான் மறுத்துப் பேச மாட்டேன். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் கண் விழித்துக் கேட்கும்போது, சாப்பிட்டது என்று நான் சொல்வது பொய்யாக இருக்கக் கூடாது.