பாசி பாயும் நான் கழுவிய தொட்டியும்

தர்மபுரி மாவட்டத்திலேயே பாசிக்குச் சோறு போட்டு வளர்த்த ஒரே மனிதர் எங்கள் பாசி பாய்தான். பென்னாகரத்தில் மிக்ஸி ரிப்பேர் கடை. கடலைப் பார்க்க ஒரு நாள் முழுக்க பஸ்ஸில் போகவேண்டிய ஊரில், கடைக்குள் கண்ணாடித் தொட்டி வைத்து, உப்புப் பொடி கலந்து, கடலையே செய்து வைத்திருந்தார். மேல் தொட்டியில் இரண்டு ஆரஞ்சு மீன்கள், உயிருள்ள பவழம். கீழே, குழாய் வழியாக அதே தண்ணீர் சுற்றி வரும் இன்னொரு தொட்டியில் தேங்காய் நார் மாதிரி சுருண்ட பச்சைப் பாசி. அதற்குத் தனி விளக்கு வேறு!

நானோ பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர். பாசியைக் கண்டாலே கை பரபரக்கும்.

"என்னாங்க பாய், இதைக் கழுவக்கூடாதா?"

"ஐயோ, அதாங்க ஃபில்டரு! மீனு பண்ற அசிங்கமெல்லாம் தண்ணியில கரைஞ்சு கீழ வருது. அதைத் தின்னுதான் பாசி வளருது. வளர்ந்ததுல ஒரு புடி கிள்ளி எடுத்தா, அழுக்கும் அதோட போயிருங்க."

தலையாட்டினேன். நம்பவில்லை. கிள்ளிய அந்த ஒரு பிடியை எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடிக்கு உரம் என்று கொடுத்தார். உப்பில் செடி பத்தே நாளில் செத்தது. என் மனைவி அவர் கடைப் பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டாள்.

பாய் தன் தங்கை மகள் கல்யாணத்துக்கு மூன்று நாள் கம்பைநல்லூர் போனபோது, மீனுக்குத் தீனி போடும் வேலையை என்னிடம் விட்டுப் போனார். முதல் நாளே, உதவி செய்கிறேன் பேர்வழி என்று பாசியை மொத்தமாக அள்ளிவிட்டு, கீழ்த் தொட்டியைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினேன். பழக்கதோஷம், பஞ்சாயத்துத் தொட்டியில் எழுதுவதுபோல் 'கழுவிய நாள்' என்று தேதியும் எழுதினேன். மறுநாள் பவழம் சுருங்கிக்கொண்டது. மூன்றாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. போன் பண்ண எனக்குத் தைரியம் வரவில்லை.

பாய் வந்தார். பார்த்தார். "பாசி எங்கேங்க?"

"அந்த பக்கெட்டுலங்க."

எவ்வளவு அழுக்கு எடுத்தேன் என்று அவரிடம் காட்டிப் பெருமையடித்துக்கொள்ள, தொட்டித் தண்ணீரோடு எடுத்து வைத்திருந்தேன்.

"அட, உசுரோட இருக்குதுங்க!" என்று வாரி எடுத்துக் கீழே விட்டார். பாதித் தண்ணீரை மாற்றினார். என்னைத் திட்டவே இல்லை; அதைத்தான் தாங்க முடியவில்லை. மீன்கள் பிழைத்தன. பத்து நாளில் பவழமும் விரிந்தது.

அடுத்த மாதம் மறுபடி ஊருக்குக் கிளம்பினார். கடைச் சாவியை என்னிடமே நீட்டினார்.

"பயமா இல்லைங்களா பாய்?"

"இருக்குது. ஆனா அன்னைக்கு நீங்க சோறு தண்ணி இல்லாம மீனுங்க முன்னாடியே உக்காந்து அழுதீங்களாமே, பக்கத்து டீக்கடைக்காரர் சொன்னாரு. வேற யாரை நம்பிக் குடுக்கறது?"

அழவெல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு சாவியை வாங்கினேன்.